ஊசி போட்டும் மாடு பருவத்துக்கு வரவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

கறவை மாட்டுக்கு ஹார்மோன் ஊசி போட்டுப் பருவத்தை நாம் குறித்த நாளுக்குக் கொண்டுவரும் முறை கைகூடாதபோது, எல்லோரும் முதலில் குறை சொல்வது மருந்தைத்தான். மருந்து கெட்டுப்போயிருப்பது அபூர்வம். இந்த ஊசிகள் எதுவும் முட்டை விளையும் சினைப்பையில் இல்லாத ஒன்றைப் புதிதாக உண்டாக்குவதில்லை. அங்கே ஏற்கெனவே இருப்பதைக் கரைக்கும், வெடிக்க வைக்கும், இல்லாவிட்டால் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கும். அதனால் தோல்வி எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஊசி போட்ட அன்று சினைப்பையில் என்ன இருந்தது?

ஊசியைத் தீர்மானிப்பதும் ஆசனவாய் வழியாகக் கை விட்டுச் சினைப்பையைத் தடவிப் பார்ப்பதும் கால்நடை மருத்துவரின் வேலை. நாள், நேரம், அறிகுறி மூன்றையும் அவருக்குச் சரியாகச் சொல்ல வேண்டியவர் மாட்டோடு தினமும் இருப்பவர். அவர் சொல்லும் விவரத்தில் பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

ஊசி எடுக்கும் முன் பார்க்க வேண்டியது

சினை இல்லை என்று உறுதியாகத் தெரியாத மாட்டுக்குப் புரோஸ்டாகிளாண்டின் (பருவத்தை முன்கூட்டி வரவைக்கும் ஹார்மோன்) ஊசி போடக் கூடாது. சினையின் முதல் ஐந்து மாதங்களில் அந்த ஊசி கன்றைக் கலைத்துவிடும். “போன மாசம் சினை ஊசி போட்டோம், நிக்கலைன்னுதான் நெனைக்கிறேன்” என்பது உறுதி ஆகாது (சினை ஊசி என்பது விந்தைச் செலுத்தும் செயற்கைக் கருவூட்டல்). சினை பிடித்த மாட்டிலும் சில சமயம் பருவம் போன்ற அறிகுறி தெரியும். ஒரு தடவையாவது சினைப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் அந்த மருந்தைத் தொட வேண்டும்.

மனிதர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. புரோஸ்டாகிளாண்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். கர்ப்பிணிகளும், கருத்தரிக்கக் காத்திருக்கும் பெண்களும், ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தக் குப்பியையும் சிரிஞ்சையும் கையாளவே கூடாது. மற்றவர்களும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். கையில் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மாடு பிடிக்க வீட்டுப் பெண்கள் உதவிக்கு நிற்பது நம் ஊரில் வழக்கம், அதனால் இதைக் கேட்டுவிட்டுத்தான் ஊசியை உறிஞ்ச வேண்டும்.

கன்று ஈன்று 45 முதல் 60 நாளாவது ஆகியிருக்க வேண்டும். நஞ்சுக்கொடி தங்கிய மாடு, கருப்பையில் சீழ் பிடித்த மாடு என்றால் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

முறை எப்படி ஓடுகிறது

பருவச் சுழற்சி சராசரியாக 21 நாள். 18 முதல் 24 வரை போகலாம். பருவத்தில் முட்டை வெடித்து வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திரட்சி உருவாகும். மருத்துவர்கள் பேச்சில் இதுதான் ‘சி.எல்.’. அது சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இருக்கும்வரை மாடு பருவத்துக்கு வராது. சினை பிடிக்காவிட்டால் சுமார் 17ஆம் நாள் வாக்கில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டினை அனுப்பி சி.எல்.லைக் கரைக்கும். அடுத்த முட்டைக் குமிழ் பெருத்துப் பருவம் வரும்.

புரோஸ்டாகிளாண்டின் ஊசி இந்தக் கடைசிக் கட்டத்தை முன்கூட்டிச் செய்கிறது. டைனோப்ரோஸ்ட் என்றால் 25 மில்லிகிராம், குளோப்ரோஸ்டினால் என்றால் 500 மைக்ரோகிராம். ஜி.என்.ஆர்.எச். என்ற இன்னொரு ஹார்மோன் ஊசி வளர்ந்து நிற்கும் முட்டைக் குமிழை வெடிக்க வைக்கிறது. புசெரலின் என்றால் 10 மைக்ரோகிராம், கொனடோரெலின் என்றால் 100. புரோஜெஸ்டிரோன் பட்டை, அதாவது பெண்ணுறுப்புக்குள் 7 நாள் வைத்து எடுக்கும் சாதனம், சி.எல். செய்யும் வேலையைத் தற்காலிகமாகத் தான் செய்கிறது.

இவற்றைச் சேர்த்து, பருவ அறிகுறிக்குக் காத்திராமல் கடிகாரம் பார்த்துச் சினை ஊசி போடும் ‘ஓவ்சிங்க்’ முறையை 1995இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பர்ஸ்லி, மீ, வில்ட்பாங்க் ஆகியோர் வெளியிட்டார்கள். நம் வசதிக்கு அதைக் கிழமை வைத்துச் சொல்கிறேன்:

திங்கள் காலை 7 மணி: ஜி.என்.ஆர்.எச்.
அடுத்த திங்கள் காலை 7 மணி: புரோஸ்டாகிளாண்டின்
அந்த வாரமே புதன் மாலை 3 மணி: இரண்டாவது ஜி.என்.ஆர்.எச்.
வியாழன் காலை 7 மணி: சினை ஊசி

திங்கள் காலையிலிருந்து புதன் 3 மணி வரை 56 மணி நேரம். அங்கிருந்து வியாழன் காலை 16 மணி நேரம். இரண்டாவது ஜி.என்.ஆர்.எச். போட்டு ஏறத்தாழ 28 மணி நேரத்தில் முட்டை வெடிக்கும். அதற்குள் விந்தணு கருக்குழாய்க்குப் போய்ச் சேர்ந்து தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு. இந்த நேரங்களைத் தொழுவச் சுவரில் எழுதி வையுங்கள். “புதன்கிழமை எப்பவாவது வந்து போட்டுடறேன்” என்ற ஒரு வார்த்தையில் மொத்த முறையும் வீணாகும்.

“புரோஸ்டாகிளாண்டின் போட்டோம், ஒரு வாரமாகியும் பருவமே தெரியல”

அதிகமாக வரும் புகார் இதுதான். காரணங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

முதலில், ஊசி போடும்முன் கை விட்டோ ஸ்கேன் வைத்தோ பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்காமல் போட்டிருந்தால் சினைப்பையில் சி.எல். இல்லாமலேயே இருந்திருக்கலாம். கரைக்க ஒன்றும் இல்லாத இடத்தில் அந்த ஊசிக்கு வேலையே கிடையாது. பத்து, பதினொரு நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்தும் இரு சினைப்பைகளும் வழவழவென்று சிறுத்துக் கிடந்தால், மாட்டுக்குச் சுழற்சியே ஓடவில்லை என்று பொருள். இந்த மாட்டுக்கு எத்தனை புரோஸ்டாகிளாண்டின் போட்டாலும் காசுதான் கரையும்.

பார்த்துப் போட்டிருந்தால் அடுத்த கேள்வி, சி.எல். எத்தனை நாள் வயது? முந்தைய பருவத்திலிருந்து முதல் ஐந்து நாளில் இருக்கும் இளம் சி.எல். இந்த ஊசிக்கு மசியாது. ஆறாம் நாளிலிருந்து 16, 17ஆம் நாள் வரைதான் பிடிக்கும். இதற்கு மாடே ஒரு தடயம் தருகிறது. பருவம் முடிந்து ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் சில மாடுகளில், குறிப்பாக இன்னும் ஈனாத கிடேரிகளில், வாலடியில் கொஞ்சம் ரத்தம் தெரியும். பலர் அதைப் பார்த்ததும் பயந்து ஊசி போடச் சொல்கிறார்கள். அன்று புரோஸ்டாகிளாண்டின் போட்டால் பயன் இல்லை. ரத்தம் கண்ட தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பருவம் ஓரிரு நாளுக்கு முன் போய்விட்டது, அடுத்தது அங்கிருந்து 19 நாள் வாக்கில் வரும். ஊசிதான் வேண்டுமென்றால் ஒரு வாரம் கழித்து. இன்னொன்று: சினை ஊசி போட்ட பிறகு ரத்தம் வந்தால் சினை நிற்காது என்று சொல்வது தவறு. அந்த ரத்தத்துக்கும் சினை பிடிப்பதற்கும் சம்பந்தம் இல்லை.

மூன்றாவது, பருவம் வந்தது, நாம் பார்க்கவில்லை. பருவத்து மாடு மற்ற மாடுகள் மேல் ஏறும், ஆனால் ஒற்றை மாடாகக் கட்டுத்தறியில் நிற்பதற்கு அந்த வாய்ப்பே இல்லை. கோடையில் கலப்பின மாடுகள் பெரும்பாலும் இரவில்தான் அறிகுறி காட்டும், அதுவும் சில மணி நேரம். ஊசி போட்ட இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை விடியற்காலையும் இரவு படுக்கப்போகும்முன்னும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கண்ணாடிக் கம்பி போல் தொங்கும் வழும்பு, வாலில் காய்ந்து ஒட்டிய பிசுபிசுப்பு, மாடு படுத்திருந்த இடத்தில் ஈரத் திட்டு, அடிக்கடி சொட்டுச் சொட்டாக மூத்திரம், கறவையில் திடீர்க் குறைவு, தீவனத்தில் நாட்டமின்மை, கத்தல் — இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே போதும்.

இவை எதுவும் இல்லையென்றால் ஊசி போட்ட விதத்தைப் பாருங்கள். தசையில் போட வேண்டிய மருந்து கொழுப்பில் போய்த் தங்கியிருக்கலாம், மாடு உதறியதில் பாதி வெளியே வழிந்திருக்கலாம். ஒரு மாட்டுக்கான அளவை இரண்டு மாட்டுக்குப் பிரித்துப் போடும் பழக்கமும் உண்டு. இது சிக்கனமாகாது, இரண்டு மாட்டிலும் தோல்விதான்.

வழி: சி.எல். இருந்ததா என்பதில் சந்தேகம் இருந்து, சினை இல்லை என்பது மட்டும் உறுதியாக இருந்தால், முதல் ஊசியிலிருந்து 14ஆம் நாள் இரண்டாவது புரோஸ்டாகிளாண்டின் போடலாம். முதல் ஊசிக்கு மசிந்த மாடு, மசியாத மாடு இரண்டிலும் பெரும்பாலும் அந்த நாளில் கரையும் வயதில் சி.எல். இருக்கும். சுழற்சி ஓடாத மாட்டுக்கு இது பொருந்தாது.

“சினைப்பை சிறுத்துக் கிடக்குன்னு சொல்லிட்டாங்க”

இங்கே ஊசியை விடத் தீவனம் முக்கியம். விலா எலும்பு எண்ணும்படி, இடுப்பெலும்பு துருத்தி நிற்கும் மாடு பாலுக்கே உடம்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. சினைக்கு எடுத்துவைக்க அதனிடம் எதுவும் மிச்சம் இல்லை. ஒன்று முதல் ஐந்து வரை போடும் உடல்நிலை மதிப்பெண்ணில் 2.5க்குக் கீழே இருக்கும் மாட்டில் எந்த ஹார்மோன் முறையும் ஏமாற்றும்.

குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள். தாது உப்புக் கலவை தினமும் 30 முதல் 50 கிராம், கைக்கு வந்தபோது என்றில்லாமல் நாள் தவறாமல். உடம்பைக் காக்க ஒன்று, ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம். வெறும் வைக்கோலில் நிற்கும் மாட்டுக்கு கம்பு நேப்பியரும், கொஞ்சம் வேலிமசாலோ அகத்தியோ சேர்த்துப் போட்டால் ஓரிரு மாதத்தில் தோல் பளபளப்பே வேறாக இருக்கும். மாடு தேறத் தொடங்கிய பிறகு புரோஜெஸ்டிரோன் பட்டை வைத்தால் பலன் உண்டு. நின்றுபோன சுழற்சியை அது தட்டி எழுப்பும், எடுத்த இரண்டு மூன்று நாளில் பருவம் வரும். முதல் தடவையே சினை பிடிக்காவிட்டாலும் சுழற்சி ஓடத் தொடங்கியதே ஒரு வெற்றி.

“பட்டையை எடுத்தப்போ சீழ் மாதிரி வந்துச்சு”

பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. ஒரு வெளிப்பொருள் ஏழு நாள் உள்ளே இருந்ததால் உறுப்பின் சுவர் எரிச்சலடைந்து வெளியிடும் மஞ்சள் கலந்த கசிவு அது. பருவத்துக்கு வரும்போது வரும் தெளிந்த வழும்பு கழுவிக்கொண்டு போய்விடும். துர்நாற்றம் இருந்தாலோ, பருவத்தன்று வழும்பில் சீழ் திட்டுத்திட்டாகத் தெரிந்தாலோ அந்தச் சுற்றில் சினை ஊசி போடாமல் சிகிச்சைக்குப் போங்கள்.

பட்டை எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை என்றால் கணக்கைத் தொடராமல் முறையை முதலிலிருந்து தொடங்குவதே நல்லது. வெளியே தொங்கும் நூலைப் பக்கத்து மாடு இழுப்பதும் கன்று கடிப்பதும் நடக்கும். நூலைக் குட்டையாக வெட்டிவிடலாம். ஒரு மாட்டில் எடுத்ததைக் கழுவி இன்னொன்றில் வைக்க வேண்டாம். நோய் தாவும்.

“ஓவ்சிங்க் போட்டோம், வியாழக்கிழமை பருவ அறிகுறியே இல்லை. ஊசி போடலாமா?”

போடுங்கள். இதில்தான் பலர் பின்வாங்கி, பத்து நாள் உழைப்பைக் கடைசி நாளில் கைவிடுகிறார்கள். பருவ அறிகுறி என்பது குமிழ் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உச்சத்துக்குப் போகும்போது வருவது. இரண்டாவது ஜி.என்.ஆர்.எச். அந்த உச்சத்துக்குக் காத்திராமல் முட்டையை வெடிக்க வைக்கிறது. அதனால் பல மாடுகள் கத்தாது, வழும்பு போடாது, ஆனால் முட்டை வெடிக்கும். அறிகுறி வரட்டும் என்று வெள்ளி, சனி வரை காத்திருந்தால் முட்டையின் ஆயுளே முடிந்துவிடும். வெளியேறிய முட்டை சில மணி நேரம்தான் தாங்கும்.

ஒரு விதிவிலக்கு. சினை ஊசி போடும்போது கருப்பை வாய் இறுகி, விந்து செலுத்தும் துப்பாக்கி உள்ளே நுழையாமல், கருப்பை தளர்ந்து கிடந்து, சினைப்பையில் பழைய சி.எல். இன்னும் கெட்டியாகத் தெரிந்தால் திங்கட்கிழமைப் புரோஸ்டாகிளாண்டின் முழுதாக வேலை செய்யவில்லை. பல ஈத்து கண்ட மாடுகளில் இது கூடுதலாக நடக்கிறது. அடுத்த முறை அந்த மாட்டுக்கு முதல் புரோஸ்டாகிளாண்டின் போட்ட 24 மணி நேரம் கழித்து இன்னொரு முழு அளவு கொடுக்கச் சொல்லி மருத்துவரிடம் பேசுங்கள். சி.எல். மிச்சமில்லாமல் கரைவதற்கு இது நன்றாகவே உதவுகிறது.

“நடுவிலேயே பருவத்துக்கு வந்துடுச்சு”

கால அட்டவணையை விட மாடு சொல்வதே பெரிது. முதல் ஜி.என்.ஆர்.எச். போட்டபிறகு எந்த நாளிலாவது தெளிவான பருவம் தெரிந்தால், காலையில் பார்த்தால் மாலை, மாலையில் பார்த்தால் மறுநாள் காலை சினை ஊசி போட்டுவிட்டு மீதி ஊசிகளை நிறுத்திவிடுங்கள். சினை ஊசி போட்டபின் அட்டவணைப்படி புரோஸ்டாகிளாண்டினையும் போட்டுவிட்டால், போட்ட ஊசியும் போச்சு, அந்தச் சுழற்சியும் குழம்பிப்போகும்.

இப்படி முன்கூட்டியே வருவதற்குக் காரணம், முதல் ஜி.என்.ஆர்.எச். குமிழை வெடிக்க வைக்காததுதான். சுழற்சியின் 5ஆம் நாளிலிருந்து 9ஆம் நாளுக்குள் தொடங்கினால் அது நன்றாக வேலை செய்யும். பருவத் தேதி குறித்து வைத்திருக்கும் வீட்டில் இது எளிது: பருவம் வந்து ஒரு வாரம் கழித்துத் தொடங்குங்கள். தேதி தெரியாத மந்தையில் 14 நாள் இடைவெளியில் இரண்டு புரோஸ்டாகிளாண்டின் போட்டு, அதிலிருந்து 11, 12 நாள் கழித்து ஓவ்சிங்க் தொடங்கினால் பெரும்பாலான மாடுகள் அந்த நல்ல நாட்களில் நிற்கும். நாளும் செலவும் கூடும், ஆனால் பத்துப் பன்னிரண்டு மாடு வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகும் என்பது என் கருத்து.

கிடேரிகளுக்கு மேலே சொன்ன ஓவ்சிங்க் அவ்வளவு பொருந்தாது. அவற்றில் குமிழ்கள் வளர்ந்து வாடும் அலைகள் வேகமாக மாறும், முதல் ஊசிக்குச் சரியாக மசியாது. பருவம் ஒழுங்காக வரும் கிடேரிக்குப் புரோஸ்டாகிளாண்டின் போட்டு, அறிகுறி பார்த்துச் சினை ஊசி போடுவதே சிக்கனம், பலனும் நல்லது.

“ஒரே நாள் ஊசி போட்டோம், ஒவ்வொரு மாடும் ஒவ்வொரு நாள் வருது”

புரோஸ்டாகிளாண்டின் மட்டும் போட்டால் இப்படித்தான். சி.எல். எல்லா மாட்டிலும் ஓரிரு நாளில் கரைந்தாலும், ஊசி போட்ட அன்று குமிழ் பெருத்து நின்ற மாடு இரண்டு நாளில் வரும், சின்னக் குமிழோடு இருந்தது வளர்ந்து வர நாலைந்து நாள் எடுக்கும். இதைக் கோளாறாக எடுக்க வேண்டாம். அறிகுறி பார்த்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே போடுங்கள்.

“ரெண்டு மூணு நாளா வழும்பு போட்டுக்கிட்டே இருக்கு”

பருவம் 12 முதல் 18 மணி நேரத்தில் அடங்க வேண்டும். அதற்கு மேல் நீண்டால் முட்டை வெடிக்கத் தாமதமாகிறது. 24 மணி நேரம் கழித்தும் அறிகுறி இருந்தால் மறுபடி ஒரு சினை ஊசி போடுவது வழக்கம். அடுத்த சுற்றில் சினை ஊசியோடு ஜி.என்.ஆர்.எச். சேர்க்கலாம். குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்பப் பருவம் வந்து, மற்ற மாடுகள் மேல் ஏறிக்கொண்டே இருந்தால் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கலாம். கையால் நசுக்கி உடைக்கும் பழைய வழக்கம் வேண்டாம், சினைப்பையில் புண்ணாகி ஒட்டிக்கொள்ளும். ஜி.என்.ஆர்.எச்., ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின் என்பதே வழி. அதாவது ஓவ்சிங்க் முறையே இதற்கு மருந்தாகவும் ஆகிறது.

“எல்லாம் சரியாச் செஞ்சோம், சினை நிக்கல”

எதிர்பார்ப்பை முதலில் சரிசெய்துகொள்வோம். பால் கறக்கும் ஹோல்ஸ்டீன் மாடுகளில் ஓவ்சிங்க் ஒருமுறை செய்தால் நூற்றுக்கு 30 முதல் 40 மாடு சினை பிடிப்பதே வழக்கமான பலன். ஒரு மாடு வைத்திருப்பவர் ஒரு தடவை தோற்றால் முறை தவறு என்று முடிவுகட்ட முடியாது.

திரும்பி வந்த நாளை எண்ணுங்கள். 18 முதல் 24 நாளில் வந்தால் கரு உருவாகவில்லை, அல்லது மிக இளம் கருவாகவே அழிந்தது. நேரம், விந்து, வெப்பம் மூன்றையும் சந்தேகியுங்கள். 25 முதல் 35 நாளில் வந்தால் கரு தங்கிப் பின் அழிந்திருக்கலாம். கருப்பை நோய்த்தொற்றைப் பாருங்கள். 40 நாள் ஒட்டி வந்தால் நடுவில் ஒரு பருவத்தை நாம் தவறவிட்டிருக்கலாம்.

உறைய வைத்த விந்து அடைத்த குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து உருக்க வேண்டும். சட்டைப்பையிலும் உள்ளங்கையிலும் வைத்து உருக்குவதைப் பார்த்தால் தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. உருக்கியதை உடனே போட வேண்டும். இடம் கருப்பை வாயைத் தாண்டியவுடன்.

கத்திரி வெயிலில் முறை எவ்வளவு துல்லியமாக நடந்தாலும் கரு முதல் வாரத்தில் வெப்பம் தாங்காமல் சாகும். பருவம் தெரியாத சிக்கலை ஹார்மோன் தீர்க்கும், வெயிலை அது தீர்க்காது. சினை ஊசி போட்ட முதல் பத்து நாள் மாட்டை மதியத்தில் நிழலில் கட்டி, மேலே நீர் தெளித்து, காற்று படும்படி வையுங்கள். தீவனத்தின் பெரும்பகுதியை அதிகாலையிலும் இரவிலும் போடுங்கள்.

“ஹார்மோன் ஊசி பாலில் கலந்துடுமா?”

டைனோப்ரோஸ்ட் ரத்தத்தில் இருப்பது நிமிடக் கணக்கில்தான். நுரையீரலைக் கடக்கும்போதே பெரும்பகுதி சிதைந்துவிடும். ஜி.என்.ஆர்.எச். அளவு மைக்ரோகிராமில். பால் இறங்குவதற்காகத் திருட்டுத்தனமாகப் போடும் ஆக்ஸிடோசினோடு இவற்றைக் குழப்பிக்கொண்டு பலர் பயப்படுகிறார்கள். அது வேறு, இது வேறு. குப்பியின் ஒட்டுச்சீட்டில் பாலைப் பயன்படுத்தாமல் நிறுத்திவைக்க வேண்டிய காலம் எழுதியிருந்தால் மட்டும் அதைப் பின்பற்றுங்கள்.

சினை ஊசி போட்ட பிறகு

21ஆம் நாள் பருவம் வரவில்லை என்பதைச் சினை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேன் வசதி இருந்தால் 30 நாளுக்கு மேல், கை விட்டுப் பார்ப்பதானால் 45 முதல் 60 நாளில் உறுதி செய்யுங்கள். 30 நாளில் சினை என்று வந்ததையும் 60 நாளில் இன்னொரு முறை பாருங்கள், இடையில் கலைவது உண்டு. சினை இல்லை என்று தெரிந்த அன்றே சினைப்பையில் சி.எல். இருக்கிறதா, குமிழ் எவ்வளவு பெரிது என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றை எந்த ஊசியில் தொடங்குவது என்பது அந்தக் குறிப்பிலிருந்துதான் முடிவாகும்.